கன்னி ராசி, தனுசு லக்னம், இணையத்தில் கடகம்: ஜாதகத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தண்டையார்பேட்டை வாசி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் எனக்கு வரன் பார்க்கிறார்கள். யாராவது ஒரு ஜாதகம் கொடுத்தால் அம்மா அதை எடுத்துக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் வழக்கமாகப் பார்க்கும் ஜோசியரிடம் போகிறார், திரும்பி வந்து "ரஜ்ஜு தட்டுதாம்", "எட்டில் செவ்வாயாம்" என்று சொல்லி அதை ஓரமாக வைத்துவிடுகிறார். பேசுவது என் கல்யாணத்தைப் பற்றி, எனக்கோ ஒன்றும் புரியவில்லை. நம்புவதா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம், முதலில் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என் ஜாதக நோட்டில் கன்னி ராசி, அஸ்தம் 2ஆம் பாதம், தனுசு லக்னம் என்று எழுதியிருக்கிறது. பிறந்தது ஆனி மாதம் நடுவில், மாலை 6.30, வளர்பிறை அஷ்டமி. ஆங்கில இணையதளத்தில் பிறந்த தேதியைப் போட்டால் கடகம் என்கிறது. அப்படியென்றால் நான் எந்த ராசி? இன்னொன்று, நோட்டில் "கர்ப்பச் செல் நீக்கி சந்திர தசை இருப்பு 6 வருடம் 3 மாதம்" என்று இருக்கிறது, போனில் ஒரு ஆப் 5 வருடம் 10 மாதம் என்று காட்டுகிறது. யூடியூபில் பார்த்தால் எல்லாரும் நேராகப் பலனுக்குப் போய்விடுகிறார்கள், அடிப்படையை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றியூர் கடலோரம்

தங்கச்சி, ஜாதகக் கட்டம் என்பது நீங்கள் பிறந்த நிமிடத்தில் வானம் இருந்த நிலையைக் காட்டும் படம், அவ்வளவுதான். பலன் எல்லாம் அதற்கு மேல் கட்டியது. அதனால் முதலில் வானத்தைப் படியுங்கள், அப்புறம் கட்டத்தைப் படியுங்கள். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

நம் பக்கத்தில் ஒரு வசதி, கிழக்கே கடல், தொடுவானத்தை மறைக்க எதுவும் இல்லை. எண்ணூர் விரைவு சாலையோரம் ராத்திரி நின்று பார்த்தால் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கடலிலிருந்து மேலே வருவது தெரியும். ஒருவர் பிறந்த நேரத்தில் அந்தக் கிழக்குத் தொடுவானத்தில் எந்த ராசி எழுந்துகொண்டிருந்ததோ அதுதான் அவருடைய லக்னம். ஒரு நாளில் 12 ராசியும் எழுந்துவிடும், ஆகவே ஒரு லக்னம் சுமார் 2 மணி நேரம் ஓடும். "என் ராசி" என்று நாம் சொல்வது சந்திரன் நின்ற ராசியை. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் ஆகும். ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் பிறக்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரே ராசிதான் இருக்கும், லக்னம் மட்டும் காலை, மதியம், மாலை என்று மாறிக்கொண்டே போகும். ஜோசியர் பிறந்த நேரத்தைத் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

கடகம் எங்கிருந்து வந்தது என்றால், வெளிநாட்டு முறையில் ராசி என்று சொல்வது சூரியன் நின்ற ராசியை. நீங்கள் பிறந்தது ஆனி, நம் கணக்கில் சூரியன் மிதுனத்தில் இருக்கும் மாதம். சித்திரையில் மேஷம், வைகாசியில் ரிஷபம், ஆனியில் மிதுனம், இப்படியே பங்குனியில் மீனம் வரை. தமிழ் மாதம் தெரிந்தால் சூரியன் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் மேஷத்தின் தொடக்கத்தை மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரங்களை ஆதாரமாக வைத்து எண்ணுகிறோம். அந்தச் சமநாள் புள்ளி சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை (டிகிரி) வீதம் பின்னால் நகர்கிறது, இன்று இரண்டு கணக்குக்கும் நடுவில் சுமார் 24 பாகை இடைவெளி இருக்கிறது. இதற்குப் பெயர் அயனாம்சம். சித்திரை 1 ஏப்ரல் 14 வாக்கில் வருவதும் இதனால்தான். அவர்கள் சொன்ன கடகமும் நோட்டில் உள்ள கன்னியும் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள் அல்ல, கேள்வியே வேறு.

இப்போது நோட்டை எடுங்கள். தென்னிந்தியக் கட்டத்தில் ராசிகள் நகராது. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம், அங்கிருந்து கடிகாரம் சுற்றுவது போல ரிஷபம், மிதுனம் என்று போய் இடது மேல் மூலையில் மீனத்தில் முடியும். "ல" என்று போட்டிருக்கும் கட்டம்தான் உங்கள் முதல் வீடு, உங்களுக்குத் தனுசு, இடது கீழ் மூலை. வீடுகளை அங்கிருந்துதான் எண்ண வேண்டும், மேஷத்திலிருந்து அல்ல. "ஏழில்", "எட்டில்" என்பதெல்லாம் இந்த எண்ணிக்கை, எண்ணும்போது தொடங்கும் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டம் சரியா என்று நீங்களே பார்க்கலாம். சூரிய உதயத்தின்போது பிறந்தவருக்குச் சூரியன் லக்னத்திலேயே இருக்கும், அஸ்தமனத்தின்போது பிறந்தவருக்கு ஏழில் இருக்கும். அமாவாசையில் சூரியனும் சந்திரனும் பெரும்பாலும் ஒரே கட்டத்தில், பௌர்ணமியில் எதிரெதிரே. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் போகாது, அதனால் சூரியன் இருக்கும் கட்டத்திலோ பக்கத்துக் கட்டத்திலோதான் இருக்க முடியும். சுக்கிரன் அதிகம் போனால் இரண்டு கட்டம் தள்ளி. ராகுவும் கேதுவும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஏழில். இதில் ஒன்று பிசகினாலும் கட்டம் தப்பு, அதை வைத்து யாரிடமும் பலன் கேட்காதீர்கள். உங்கள் நோட்டில் இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வாக்கியமும் கணிதமும்

அண்ணன் வானத்தைச் சொல்லிவிட்டார், நான் தசை இருப்பை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை வருகிறது. தசை என்பது வாழ்க்கையில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒதுக்கிய காலம், இருப்பு என்பது பிறக்கும்போது முதல் தசையில் மீதி இருந்தது.

360 பாகையை 27 நட்சத்திரங்களாகப் பிரித்தால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). ஒவ்வொன்றிலும் நான்கு பாதம், ஒரு பாதம் 3 பாகை 20 கலை. ஒரு ராசிக்கு 9 பாதம், மொத்தம் 108. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஓர் அதிபதி உண்டு, வரிசை கேது, சுக்கிரன், சூரியன், சந்திரன், செவ்வாய், ராகு, குரு, சனி, புதன். அசுவினிக்குக் கேது என்று தொடங்கி ஒன்பது முடிந்ததும் மகத்தில் மறுபடி கேது, மூலத்தில் மறுபடி கேது. தசை வருடங்கள் இதே வரிசையில் 7, 20, 6, 10, 7, 18, 16, 19, 17, கூட்டினால் 120. இதை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நட்சத்திர வரிசைக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போங்கள், அங்கே 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனி லிங்கம் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தால் சீக்கிரம் மனதில் நிற்கும்.

அஸ்தத்துக்கு அதிபதி சந்திரன், அதனால் உங்களுக்குத் தொடக்கம் சந்திர தசை, முழு அளவு 10 வருடம். நீங்கள் பிறக்கும்போது சந்திரன் அஸ்தத்தில் எவ்வளவு தூரம் கடந்திருந்ததோ அந்த விகிதத்துக்குத் தசையும் கழிந்துவிட்டதாகக் கணக்கு, நோட்டில் "கர்ப்பச் செல்" என்பது இந்தக் கழிந்த பகுதிதான். நோட்டுப்படி மீதி 6 வருடம் 3 மாதம் என்றால் கழிந்தது 3 வருடம் 9 மாதம், அதாவது சந்திரன் அஸ்தத்தில் 5 பாகை கடந்திருக்கிறது. முதல் பாதம் 3 பாகை 20 கலையில் முடிகிறது, இரண்டாவது 6 பாகை 40 கலை வரை, ஆக 2ஆம் பாதம் சரி. ஆப் சொல்வதைக் கணக்கிட்டால் சுமார் 5 பாகை 33 கலை, அதுவும் 2ஆம் பாதம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் அரை பாகையும் சொச்சமும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் பஞ்சாங்கம்தான். பழைய நோட்டுகள் நம் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதியவை, ஆப்கள் திருக்கணிதம், அதிலும் பெரும்பாலும் லாஹிரி என்ற அயனாம்சக் கணக்கு. வாக்கியம் என்பது பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துப் போடும் கணக்கு, திருக்கணிதம் இன்றைய வானியல் அளவீட்டை வைத்துப் போடுவது. சந்திரனில் இப்படிச் சிறு வித்தியாசம்தான் வரும், சனியில் மாதக் கணக்கில் வரும். 2023இல் சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது டிசம்பரில்தான். என் கருத்தைக் கேட்டால், வானத்தில் கண்ணால் பார்த்தால் எது ஒத்துப்போகிறதோ அதுதான் கணக்கு, அதனால் நான் திருக்கணிதம். வாக்கியத்தை வைத்தே பல தலைமுறையாகப் பலன் சொல்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு அவர்கள் காரணம் உண்டு. எதை எடுத்தாலும் மாப்பிள்ளை ஜாதகத்தையும் அதே முறையில் போட்டுப் பாருங்கள், ஒன்றை வாக்கியத்திலும் இன்னொன்றைத் திருக்கணிதத்திலும் வைத்து தசா சந்தி (இருவருக்கும் தசை மாறும் காலம் நெருங்கி வருகிறதா என்று) பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறந்த நேரத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரை பாகைக்குச் சற்று மேல் நகரும், நேரம் ஒரு மணி தப்பினாலே இருப்பில் இதே ஐந்து மாதம் இடிக்கும். சுக்கிர தசையில் பிறந்தவர்களுக்கு அது பத்து மாதம்.

பெரம்பூர் அக்கா

கண்ணு, உனக்கு இப்போது அவசரமாக வேண்டியது பொருத்தம், அதைச் சொல்கிறேன். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்ற பத்தும் இரண்டு பேருடைய நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டுமே வைத்துப் பார்ப்பவை. லக்னம், தசை, ஏழாம் வீடு எதுவும் இதில் கிடையாது. பத்துக்கு எட்டு என்று சொன்னால் கட்டத்தை இன்னும் திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

ரஜ்ஜு தட்டுகிறது என்றால், 27 நட்சத்திரத்தையும் சிரசு, கண்டம், உதரம், தொடை, பாதம் என்று ஐந்து கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் இருக்கக்கூடாது என்பார்கள். உன் அஸ்தம் கண்ட ரஜ்ஜு. ரோகிணி, திருவாதிரை, சுவாதி, திருவோணம், சதயம் இவை உன் கூட்டம். இந்த ஐந்தில் ஒன்றோ இன்னொரு அஸ்தமோ வந்தால் தட்டும், மற்றவற்றில் தட்டாது. இனிமேல் ஜாதகம் வந்ததும் நீயே பார்த்துச் சொல்லிவிடலாம். கூட்டத்துக்குள்ளேயே நட்சத்திரங்களை ஏறுமுகம், இறங்குமுகம் என்று பிரிப்பார்கள், அது இரண்டு பேருக்கும் வேறாக இருந்தால் பரவாயில்லை என்று விடுகிற ஜோசியர்களும் உண்டு, அதனால் தட்டுகிறது என்ற உடனே அம்மாவை விலக்கிவைக்க விடாதே, ஏறுமுகமா இறங்குமுகமா என்று கேட்கச் சொல்.

செவ்வாய் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 இந்த இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். 12 வீட்டில் 5. அப்படியென்றால் நம் தெருவில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக எல்லாருக்கும் அது இருக்கும். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் கூடும். இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒன்றைச் சொல்லி ஒரு பெண்ணைப் பயமுறுத்தி வருடக்கணக்கில் உட்கார வைப்பது நியாயமே இல்லை. ஆட்சி (சொந்த வீட்டில் இருப்பது), உச்சம் (மிகவும் பலம் பெறும் ராசியில் இருப்பது), குரு பார்வை என்று விலக்குகள் சாஸ்திரத்திலேயே நிறையச் சொல்லியிருக்கிறது. செவ்வாய்க்கு மேஷமும் விருச்சிகமும் ஆட்சி வீடு, மகரம் உச்சம், கடகம் நீசம், அதாவது பலம் குறையும் இடம். குரு தான் நின்ற இடத்திலிருந்து 5, 7, 9ஆம் வீடுகளைப் பார்க்கும், செவ்வாய் 4, 7, 8, சனி 3, 7, 10, மற்றவை ஏழாம் பார்வை மட்டும். தோஷம் என்று யாராவது சொன்னால் இதையெல்லாம் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேள். பார்த்தவர் பதில் சொல்வார்.

தண்டையார்பேட்டை வாசி

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சூரியன் மிதுனத்தில் இருக்கிறது, ஆனி, சரி. தனுசிலிருந்து எண்ணினால் மிதுனம் ஏழு, மாலை 6.30, அதுவும் சரி. புதன் கடகத்தில், சுக்கிரன் ரிஷபத்தில், இரண்டும் பக்கத்துக் கட்டம். ராகு கேது எதிரெதிரே. சந்திரன் தனுசிலிருந்து பத்தாவது வீட்டில் வருகிறது, அதை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே அம்சம் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது, அதில் சந்திரன் கன்னியில் இல்லை, ரிஷபத்தில் இருக்கிறது. இது எதற்கு?

ஒற்றியூர் கடலோரம்

அழகாகப் பார்த்திருக்கிறீர்கள். முதல் வீடு கிழக்குத் தொடுவானம், ஏழு மேற்கு, பத்து தலைக்கு மேலே. வளர்பிறை அஷ்டமியில் நிலா சூரியனுக்குச் சுமார் 90 பாகை தள்ளி நிற்கும், சூரியன் மறையும்போது அது உச்சியில் இருந்தாக வேண்டும். உங்கள் கட்டத்தில் சூரியன் ஏழில், சந்திரன் பத்தில். அடுத்த வளர்பிறை அஷ்டமி அன்று சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் நேரிலேயே பாருங்கள்.

அம்சம் என்பது நவாம்சம். ஒரு ராசியில் 9 பாதம் என்று மேலே சொன்னார் இல்லையா, ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு ராசி கொடுத்துப் போடும் கட்டம் அது. அசுவினி முதல் பாதத்துக்கு மேஷம், இரண்டாம் பாதத்துக்கு ரிஷபம் என்று 108 பாதத்துக்கும் சுற்றிக்கொண்டே வரும். கன்னியில் முதல் பாதமான உத்திரம் 2, மகரத்தில் விழும், அப்படியே எண்ணினால் அஸ்தம் 1 மேஷம், அஸ்தம் 2 ரிஷபம். அதனால்தான் ரிஷபம், அதுவும் சரி. கல்யாண விஷயத்தில் ராசிக் கட்டத்தோடு இதையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். நவாம்ச லக்னம் சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால் பிறந்த நேரம் நிமிட சுத்தமாகத் தெரியாதவர்களுக்கு அந்த லக்னத்தை வைத்து அழுத்திச் சொல்வதை நான் ஏற்பதில்லை. 6.30 என்று முழு எண்ணாக எழுதியிருக்கிறதே, அம்மாவிடமும் கேளுங்கள், ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், ஜோசியரிடம் அடுத்த ஜாதகம் போவதற்குள்.