ஏர்லி மார்னிங் பைப்: லேசான புகையிலையா, வெறும் சப்பையா?

பழையடப்பா:
மூன்று வாரமாகக் காலைக் காபி முடிந்ததும் இதே ஏர்லி மார்னிங் பைப் புகையிலை டப்பாதான். ஒரு காலத்தில் டன்ஹில் பெயரில் வந்தது, இப்போது பீட்டர்சன் என்று போட்டு வருகிறது. வர்ஜீனியா இலை, துருக்கி வட்டாரத்துச் சின்ன இலை, புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா. மூன்றே சரக்கு.

மூடியைத் திறந்ததும் விறகடுப்பு அணைந்த சமையல்கட்டு வாசம். பற்றவைத்த பிறகு அது பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. முதல் கால்பங்கில் வைக்கோல், கொஞ்சம் சாத்துக்குடித் தோல். பாதிக்கு மேல் மாவடு மாதிரி ஒரு புளிப்பு வந்து வந்து போகும். அடிக்குப் போகப் போக வெல்லப்பாகு பதம் தப்பிய வாசனை. தலை சுற்றவில்லை, வயிற்றைப் பிரட்டவில்லை. இவ்வளவு லேசான சரக்குக்குள் இத்தனை அடுக்கா என்று எனக்கு ஆச்சரியம். பிடித்தவர்கள் சொல்லுங்கள்.

தீக்குச்சி:
அண்ணே, கோச்சுக்காதீங்க. நானும் முக்கால் டப்பா முடிச்சுட்டேன், வெந்நீர் குடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. சாத்துக்குடியும் மாவடுவும் டப்பாவுல இல்ல, உங்க வீட்டு ஊறுகாய் ஜாடியில இருக்கு. காட்டம் இல்லாத புகையிலைக்கு நுட்பம்னு பேர் வைக்கிறது, உப்பு போட மறந்த குழம்ப பத்தியம்னு சொல்லி பரிமாறுற கதை. நமக்கு நைட்கேப்ங்கிற சரக்குதான். அதுல பெரீக் இருக்கு. லூசியானாவுல பீப்பாய்க்குள்ள அமுக்கி மாசக்கணக்குல புளிக்க வெக்கிற இலை. ரெண்டு இழுப்புலயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.

பழையடப்பா:
காட்டம் வேறு, சுவை வேறு தம்பி. ரெண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள்.

லட்டாக்கியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிரியாவின் துறைமுக ஊர்ப் பெயர் அது, தொழில் பிறகு சைப்ரஸ் பக்கம் போனது. விறகும் வாசனைச் செடிகளும் போட்டு மூட்டம் எழுப்பி, அந்தப் புகையிலேயே இலையைக் கறுக்க விடுவார்கள். மோந்து பார்த்தால் ஆளையே சாய்க்கும் போலிருக்கும். ஆனால் அதில் நிகோட்டின் குறைவு. வாசமே பெரிதாக இல்லாத பர்லி என்கிற இலைதான் ஆளைக் கவிழ்க்கும். காரணம் சர்க்கரை. வர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம், அதனால் புகையில் அமிலத்தன்மை கூடுதல், வாய்வழியாக நிகோட்டின் அவ்வளவாக ஏறாது. பர்லியில் சர்க்கரை பேருக்குத்தான். அந்தப் புகை காரத்தன்மை உள்ளது, கன்னத்தின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். உங்களுக்குத் தெரிகிற “ஆள் யாருன்னு” என்பது நிகோட்டின். நாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பெல்ஃபாஸ்ட்காரன்:
வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மர்ரே ஆலை இந்தப் புகையிலையைத் தயாரித்த காலத்து டப்பாவைப் பிடித்தவனுக்கு இந்தச் சண்டையே வராது. 2005-இல் ஆலையை மூடினார்கள், சரக்கு டென்மார்க்குக்குப் போனது, கதை முடிந்தது.

தீக்குச்சி:
வந்துட்டாருப்பா. அண்ணே, அது சரக்கா நல்லா இருந்துச்சா, இல்ல இருபது வருஷம் டப்பாவுக்குள்ள தூங்கினதால நல்லா இருக்கா? இதுக்கு ஒரு தடவையும் பதில் சொன்னதில்ல நீங்க.

வலிகாமத்தான்:
பழையடப்பா அண்ணை சொன்ன புகை விசயம் எனக்கு நல்லா விளங்குது. எங்கட யாழ்ப்பாணத்திலயும் புகையிலைக்குப் புகை போடுறது உண்டு. அப்பப்பான்ர வளவில ஒரு குடில் இருந்தது. இலையை மேல கட்டித் தூக்கிப்போட்டு, கீழ தேங்காய் மட்டையும் பனம் ஊமலும் எரிப்பினம். சுவாலை எழும்பக் கூடாது, புகை மட்டும்தான். முந்தித் திருவிதாங்கூருக்கு வெத்திலையோட போட ஏத்தினது எங்கட புகையிலைதான். ரொறன்ரோவில முதல் தரம் லட்டாக்கியா மணந்து பாக்கேக்க, அந்தக் குடில் வாசல்ல நிண்ட மாதிரி இருந்தது. கண் கூட எரிஞ்சது, பொய்யில்லை.

ஆனா ஒண்டு கேக்கிறன். எனக்கு அது அப்பப்பான்ர குடில். உங்களுக்கு சமையல்கட்டு. தீக்குச்சிக்கு வெந்நீர். அப்ப நீங்கள் சொல்லுற அடுக்கெல்லாம் இலைக்குள்ள இருக்கோ, எங்கட தலைக்குள்ள இருக்கோ?

தீக்குச்சி:
அப்படிக் கேளுங்க! போன மாசம் கூட்டாளி ஒருத்தன் ரெண்டு பைப் நிரப்பிக் கொடுத்தான், என்ன சரக்குன்னு சொல்லல. ஒண்ணு இழுத்தா நாக்கு வெந்துச்சு, ருசி சுத்தமா இல்ல. இன்னொண்ணு நல்லா இருந்துச்சு, சாம்பிராணி போட்ட வீடு மாதிரி ஒரு நெடி. இது வேற ஏதோ விலை கூடின சரக்குடான்னேன். கைதட்டிச் சிரிக்கிறான். ரெண்டுமே உங்க ஏர்லி மார்னிங்தானாம். ஒண்ண மட்டும் பேப்பர்ல பரப்பி முக்கால் மணி நேரம் காய விட்டிருக்கான். இவ்வளவுதான் அண்ணே உங்க அடுக்கு. ஈரம் போனா வருது, ஈரம் இருந்தா போகுது.

பழையடப்பா:
என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். சாம்பிராணி வாசம் காகிதத்திலிருந்தா வந்தது? இலையில் இருந்ததை ஈரம் மறைத்துக்கொண்டிருந்தது. முக்கால் டப்பாவையும் அப்படியே ஈரத்தோடு எரித்திருக்கிறீர்கள். வெந்நீர் என்றது ஒரு வகையில் சரி, நீங்கள் நீராவியைத்தான் குடித்திருக்கிறீர்கள்.

நான் செய்வது இது. ஒரு சிட்டிகையை விரலுக்குள் அழுத்திவிட்டால் உருண்டையாக ஒட்டாமல் மெல்ல விரிய வேண்டும். அதுவரை காயட்டும். நிரப்பும்போது அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக. முதல் தீயில் மேல் இலை புரண்டு எழும்பும், அதை லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. பிறகு ஆறாத டீயை உதட்டால் உறிஞ்சுகிற அளவுதான் இழுப்பு. பைப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சுட்டால் கீழே வைத்துவிட வேண்டியதுதான், அணைந்தால் அணையட்டும். புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயில் இருப்பதில் கொஞ்சத்தை மூக்கு வழியாகத் தள்ளினால் அந்த மாவடு அங்கேதான் இருக்கும். அவசரக்காரனிடம் காட்டமான சரக்கு எப்படியும் பேசிவிடும். லேசானது வாயைத் திறக்காது.

வலிகாமத்தான், உங்கள் கேள்விக்கு: பேர் நம் தலையில் இருக்கிறது, பொருள் இலையில் இருக்கிறது. குடில் என்றாலும் சமையல்கட்டு என்றாலும் இருவரும் புகைமூட்டத்தைத்தானே சொன்னோம்? யாரும் மல்லிகை என்று சொல்லவில்லையே.

வலிகாமத்தான்:
அது நியாயம். ஆனா மாவடு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கறார்கணக்கு:
வெளியிலிருந்து ஒருவன் குறுக்கிடலாமா? நான் பிடிப்பதில்லை. எனக்கு உறுத்துவது “லேசு” என்ற அந்தச் சொல்தான். அமெரிக்காவில் 2010 முதல் சிகரெட் பெட்டியில் ‘லைட்’, ‘மைல்டு’ என்றெல்லாம் அச்சடிக்க முடியாது. அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பலர் ஆபத்தும் குறைவு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பைப்பில் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பீர்கள். வாய், உதடு, தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது தேவையும் இல்லை. கன்னத்தின் உட்தோல் வழியாகவே ஏறும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் பெரியப்பா சுருட்டுக்காரர். காட்டமே இல்லாத சரக்குதான் பிடிப்பார், பெருமையாகவும் சொல்வார். கீழ்த்தாடையில் பாதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் கஞ்சிதான்.

பழையடப்பா:
மறுக்க ஒன்றுமில்லை. நாக்குக்கு லேசு என்று எழுதினேன், உடம்புக்கு என்று எழுதவில்லை. ஆனாலும் படிக்கிறவர் அப்படி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இனி காட்டம் குறைவு என்றே எழுதுகிறேன்.

கறார்கணக்கு:
சொல்லை மாற்றினால் போதுமா? “மூன்று வாரமாகக் காலையில் இதே டப்பாதான்” என்று தொடங்கினீர்கள். நைட்கேப்பாக இருந்தால் தினமும் காலையில் பிடித்திருப்பீர்களா?

பழையடப்பா:
மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு தடவை, அதோடு சரி.

இதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் கேட்டபிறகுதான் டப்பாவைப் பார்த்தேன், அடி தெரிகிறது.

பெல்ஃபாஸ்ட்காரன்:
பழைய டப்பா ஒன்று பிரிக்காமல் என்னிடம் இருக்கிறது. யாராவது கேட்டால் தருவேன் என்று நினைக்க வேண்டாம்.

தீக்குச்சி:
யாரும் கேக்கல அண்ணே.

பழையடப்பா, மிச்சம் கால் டப்பா இருந்துச்சுல்ல? நேத்து ராத்திரி பேப்பர்ல பரப்பி வெச்சுட்டு சாப்பிடப் போனேன். வந்து மெதுவா இழுத்துப் பாத்தேன், மூக்கு வழியாவும் விட்டுப் பாத்தேன். வைக்கோல் வருது. மாவடு இன்னும் வரல.