குளத்தை மூடிய சம்பு: எடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம். பத்தடிக்கு எட்டடி, இடுப்பளவு ஆழம், அடியில் தார்ப்பாய் விரித்தது. மூன்று வருடம் முன்பு அழகுக்காக ஒரு கொத்து சம்பு (தண்ணீரில் கோரை மாதிரி உயரமாக வளரும் செடி) நட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்! இப்போது முக்கால் குளம் அதுதான். காய்ந்த கதிரை விரலால் தொட்டால் போதும், பஞ்சு பறந்து காபிச் செடியெல்லாம் ஒட்டுகிறது.

அரிவாளால் இரண்டு முறை அறுத்தாயிற்று, மறுபடியும் தழைத்துவிட்டது. பிடுங்கினால், சேற்றுக்குள் கட்டைவிரல் தடிமனில் கிழங்குவேர் பின்னிக்கிடக்கிறது. இழுக்கிற இழுப்பில் பாய் கிழிந்துவிடுமோ என்று பயம். தண்ணீருக்குக் கீழே அறுத்தால் தண்டு வழியாக வேருக்குக் காற்று போகாமல் அழுகிவிடும் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா? எத்தனை முறை அறுத்தீர்கள்? மீனும் தவளையும் இருக்கின்றன, களைக்கொல்லி யோசனை மட்டும் வேண்டாம்.

அப்புறம், சேலம் பக்கமிருந்து குளத்தில் இறங்கி வேலை செய்ய ஆள் கிடைக்குமா? கூலி, மதியச் சாப்பாடு, மலை ஏறி இறங்க பஸ் காசு எல்லாம் தருகிறேன். அறுத்த தாளைப் பாய் முடைய யாருக்காவது வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.