கான்பெராவில் எம்டனைப் பார்த்த கதை

எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூடுதலாகச் சாமர்த்தியம் காட்டினால் பாட்டி ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "எம்டன்." வட்டிக்குக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எம்டன், கணக்கு வாத்தியார் எம்டன், பரணில் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவைக் கண்டுபிடித்த அன்று நானும் எம்டன். திட்டா பாராட்டா என்பதைப் பாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு கப்பலின் பெயர் என்று தெரியவே எனக்கு இருபத்து மூன்று வயதாகி, ஆஸ்திரேலியா வரைக்கும் போக வேண்டியிருந்தது.

கான்பெராவில் முதுகலை படித்த வருஷம். பரீட்சை முடிந்த மறுநாள், அறையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்குப் போனேன். கட்டணம் கிடையாது என்பதுதான் முதல் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். முற்றத்தின் இரண்டு பக்கமும் வெண்கலப் பலகைகளில் போரில் இறந்தவர்களின் பெயர்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். பதவி, பட்டம் எதுவும் இல்லை, பெயர் மட்டும். இடுக்குகளில் சிவப்புக் காகிதப் பூக்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். விமானங்கள், பீரங்கிகள் எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு வெள்ளி நாணயம். பாம்பைக் கவ்விய கழுகு, மெக்சிகோ நாட்டுக் காசு. தலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கிரீடத்தை வைத்துப் பற்றவைத்து, பதக்கம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். குனிந்து எழுத்தைப் படித்தேன். நவம்பர் 9, 1914. சிட்னி. எம்டன்.

எம்டனா! சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அங்கே தன்னார்வ வழிகாட்டியாக நின்ற வயதான அம்மா பக்கத்தில் வந்து, "இந்தக் கப்பலைத் தெரியுமா?" என்றார். தெரியாது, எங்கள் பாட்டி என்னை இப்படித்தான் கூப்பிடுவார் என்றேன். பாவம், அவர் என்ன நினைத்தாரோ.

கதையை அவர்தான் சொன்னார். சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் எம்டன். அந்தப் பக்கம் மெக்சிகோ வெள்ளி புழங்கியதால் கப்பலிலும் அந்தக் காசு இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும் இந்தியப் பெருங்கடலுக்குள் தனியாக நுழைந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குக் கப்பல்களைப் பிடித்தது. கேப்டன் முல்லர், ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகே கப்பலை மூழ்கடிப்பாராம். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிதான். நாலாவதாகப் போலி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் வேஷத்தில் பினாங்கு துறைமுகத்துக்குள் போய் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை அடித்துவிட்டு வந்தது. பாட்டி அந்தச் சொல்லை எவ்வளவு சரியாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அப்போது புரிந்தது!

கடைசியில் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியபோது மாட்டிக்கொண்டது. நிலையத்துக்காரர்கள் முந்திக்கொண்டு செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து, தன் பெரிய பீரங்கிகளால் நொறுக்கியது. மூழ்காமல் இருக்க எம்டனைத் தீவின் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார் முல்லர். சிட்னியில் இறந்தவர்கள் நான்கு பேர். எம்டனில் நூற்று முப்பதுக்கும் மேல். உடைந்த கப்பலிலிருந்து எடுத்த காசுதான் வென்றவர்களுக்குப் பதக்கமானது.

"இதற்கு முன்னால் மெட்ராஸிலும் குண்டு போட்டது" என்றார். 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்திருக்கின்றன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனால் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஊரிலிருந்துதான் வருகிறேன் என்றதும் அந்த அம்மா பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். தமிழில் எம்டன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். வில்லன் இல்லை, வீரனும் இல்லை, ஏமாற்றுக்காரன் என்று சொன்னால் முல்லர் கோபித்துக்கொள்வார். ஐந்து நிமிஷம் தடுமாறினேன். அவர் மூன்று வரி எழுதிக்கொண்டார்.

சில வாரம் கழித்து சிட்னிக்குப் போனபோது ஹைட் பார்க் மூலையில் எம்டனின் பீரங்கி ஒன்றையும் பார்த்தேன். 1917இலிருந்து அங்கேதான் நிற்கிறது. எதிரே சிக்னலுக்குக் காத்திருந்தவர்களில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு போன் போட்டேன். அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. உயர் நீதிமன்ற மதிலில் அந்தக் குண்டுவீச்சுக்குக் கல்வெட்டு இருக்கிறதே, நீ அந்த வழியாகத்தானே காலேஜ் பஸ்ஸில் போனாய் என்றார். நான்கு வருஷம் போயிருக்கிறேன்!

பாட்டி போனை வாங்கி, மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக மாட்டு வண்டியில் காஞ்சிபுரம் போன கதையைச் சொன்னார். "எம்டன் வரான், எம்டன் வரான்னு கத்திக்கிட்டே ஓடுனாங்களாம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏண்டா, அப்ப அது கப்பலா? நான் எவனோ ஒரு ஆளுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."