27ஆம் அத்தியாயமும் திருமலைச் சூரியனும்

திருமலைவாசி:
நேற்று இங்கே ஒரு பதிவு பார்த்தேன். "27ஆம் அத்தியாயத்தை வாசித்து அழாதவனுக்கு நெஞ்சில் இருப்பது கல்" என்று மீன்செதில் எழுதியிருக்கிறார். கதையில் வருகிற செதிலையே தன் பெயராக வைத்துக்கொண்டு திரிகிறவரிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்! வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒவ்வொரு அத்தியாயமாக வருகிற காதல் தொடர் அது. கரையோர மீன் வாடியில் ஐஸ் உடைக்கிற பெடியன் ஒருவன், போட் எஞ்சின் திருத்துகிற மெக்கானிக் ஒருவன், இவர்கள் இரண்டு பேருக்கும் காதல். அதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவிழ்த்துப் போட்ட போட்டில் இருந்துகொண்டு, கட்டார் விசா வந்துவிட்டது என்கிறான் மெக்கானிக். "சூரியன் கடலுக்குள் இறங்கியது" என்று அத்தியாயம் முடிகிறது. எந்தக் கடலுக்குள் ஐயா? நாம் இருப்பது திருகோணமலை, இலங்கையின் கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலில் இருந்து எழும்பும், கடலுக்குள் இறங்காது. அந்த வரியோடு என் கண்ணீர் வற்றிவிட்டது.

மீன்செதில்:
வற்றுவதற்கு முதலில் ஊற வேண்டும் சேர். ஐஸ்காரனின் மணிக்கட்டில் ஒட்டிக் காய்ந்த செதிலை மெக்கானிக் நகத்தால் மெல்ல உரித்தெடுக்கிறானே, அதைப் பார்க்கவில்லையா? எறியக்கூட இல்லை, சட்டைப்பைக்குள் போடுகிறான். அதற்குப் பிறகுதான் விசாவைப் பற்றி வாய் திறக்கிறான். 26 அத்தியாயமாக ஒருவரை ஒருவர் தொடாதவர்கள், தொட்ட அன்றைக்கே பிரிகிறார்கள். நான் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு மேசைக்குப் பின்னால் இருந்து அழுதேன். நீங்கள் அந்த நேரம் திசைகாட்டியைத் தேடியிருக்கிறீர்கள்.

திருமலைவாசி:
செதில் இருக்கட்டும். சூரியன் எங்கே இறங்கியது?

கிண்ணியாக்காரி:
பெயர் திருமலைவாசி, உட்துறைமுகம் தெரியாது! நகரத்துக்கு மேற்கே இருக்கிறது அண்ணை. பின்னேரம் உட்துறைமுக வீதியில் போய் நின்று பாருங்கள், தண்ணீருக்கு மேலேதான் சரியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை படகுப்பாதையில் வந்துபோன ஆட்கள் நாங்கள். தண்ணீரில் பொழுதுபடுவதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

திருமலைவாசி:
தங்கச்சி, தண்ணீருக்கு மேலே சரிவது வேறு, கடலுக்குள் இறங்குவது வேறு. உட்துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாப் பக்கம் நிலம் இருக்கிறது. சூரியன் அதற்குப் பின்னால் போகிறது. அது மட்டுமில்லை, அதே அத்தியாயத்தில் "அலை இரைந்தது" என்று இருக்கிறது. சுற்றிவர நிலம் மூடிய இயற்கைத் துறைமுகம் அது. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றியது மாதிரிக் கிடக்கும், எங்கே இரையும்? அலை இரைகிற வாடி என்றால் உப்புவெளிப் பக்கம். உப்புவெளியில் சூரியன் எழும்பும். எழும்பும். இன்னொரு தடவை சொல்லவா?

ஸ்காபரோ சிவம்:
டச்சுக்குடாவில் சூரியன் கடலில் மறைவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1986.

திருமலைவாசி:
டச்சுக்குடாவுமா! பனிக்குள் இருந்து இருந்து அண்ணைக்குக் கிழக்கு மேற்கும் உறைந்துவிட்டது.

ஸ்காபரோ சிவம்:
ஊரை விட்டுப் போனவன் என்றால் ஊரைப் பற்றிப் பேசக் கூடாதா? கோயில் திருவிழாவுக்குக் காசு கேட்கும்போது மட்டும் நாங்கள் ஊர்க்காரர். இதை முந்தியும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

திருமலைவாசி:
நான் உங்களிடம் காசு கேட்டேனா?

ஸ்காபரோ சிவம்:
நீங்கள் கேட்கவில்லை. கேட்டவர்களோடு நின்று படம் எடுத்தீர்கள்.

நிசப்தன்:
நான் இந்த ஊர்தான். எல்லோரும் படுத்த பிறகு, போன் வெளிச்சத்தைக் குறைத்து, போர்வைக்குள் வாசிக்கிறவன். அடுத்த வெள்ளிவரை அந்த இரண்டு பேரும் மண்டைக்குள்ளேயே இருப்பார்கள், வேலையில் கணக்குப் பிழைக்கும். 19ஆம் அத்தியாயத்தில் ஐஸ்காரனின் அம்மா மெக்கானிக்குக்கு நடுத்துண்டு மீனாகப் பார்த்து வைத்தாரே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டில் அப்படி நடக்காது. நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர் வாடியில் இப்படி இரண்டு பேரை நான் வாசிப்பது இதுதான் முதல் தடவை. சூரியன் தெற்கே மறைந்தாலும் எனக்குச் சரி. மெக்கானிக்கைக் கட்டாருக்கு அனுப்பி அங்கேயே சாகடித்தால் மட்டும் எழுதுகிறவரை மன்னிக்க மாட்டேன்.

ஸ்காபரோ சிவம்:
பயப்படாதே தம்பி. 1893இல் கோனன் டொயில் ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை. 1903இல் அவரே திரும்ப உயிரோடு கொண்டுவந்தார். தொடர் எழுதுகிறவருக்கு வாசகர் போடுகிற கூச்சல் கேட்கும்.

திருமலைவாசி:
நிசப்தன் தம்பி, உங்கள் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் தெற்கே மறைந்தாலும் சரி என்கிற இந்தத் தாராளத்தால்தான் எழுதுகிறவர்கள் ஊரைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். சூரியனில் பொய் சொல்கிறவர் செதிலில் உண்மை சொல்வார் என்று நான் எப்படி நம்புவது?

கிண்ணியாக்காரி:
அந்தப் பிள்ளை இவ்வளவு சொல்லியும் உங்களுக்குச் சூரியன்தானா?

சட்டக்கோவை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சாகடிக்காமல், இரண்டு பேரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று முடித்தால் அதுதான் பெரிய பொய். நம் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் போகவில்லை. 1995இல் 365அவைத் திருத்தினார்கள், எதற்கு? எடுத்துவிட இல்லை, பெண்களையும் உள்ளே சேர்க்க! 2023 மே மாதம், இவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு நிற்கிறது. இந்த நிலையில் அலஸ்தோட்டத்தில் வாடகை வீடு எடுத்துக் குடித்தனம் நடத்தினார்கள் என்று எழுதினால் யார் நம்புவது?

மீன்செதில்:
ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் யாரிடம் சட்டம் கேட்டார்? இங்கிலாந்தில் அது குற்றமாக இருந்த 1913, 14 காலத்திலேயே இரண்டு ஆண்கள் சேர்ந்து போவதாக நாவல் எழுதினார். முடிவு மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

சட்டக்கோவை:
அச்சில் எப்போது வந்தது? 1971இல், அவர் இறந்த அடுத்த வருடம். என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள், நன்றி.

மீன்செதில்:
அப்படியென்றால் நிசப்தனும் செத்த பிறகுதான் நல்ல முடிவை வாசிக்க வேண்டுமா?

திருமலைவாசி:
ஃபார்ஸ்டர் சூரியனையாவது சரியான பக்கம் இறக்கியிருப்பார்.

கிண்ணியாக்காரி:
இவர் இப்படித்தான். போன வருடம் கன்னியா வெந்நீரூற்றில் கிணறு எத்தனை என்று தொடங்கி ஒரு கிழமை எல்லோரையும் அலைக்கழித்தார். ஏழு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திருமலைவாசி:
ஏழு என்றுதான் நானும் சொன்னேன். ஒவ்வொன்றிலும் சூடு வேறு என்றேன். அதை நீங்கள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கிண்ணியாக்காரி:
கிணறு கிடக்கட்டும். எனக்கு ஒன்று சொல்லுங்கள். பிடிக்காத தொடரில் 27 வரை எப்படி வந்தீர்கள்?

திருமலைவாசி:
நான் வாசிப்பதில்லை. வீட்டில் மனுசி சத்தமாக வாசிப்பாள், காதில் விழும்.

மீன்செதில்:
காதில் விழுந்தவருக்கு அலை இரைந்தது வரை ஞாபகம்! அப்போ செதில் கட்டம் வந்தபோது சேர் எங்கே இருந்தீர்கள்? எழும்பிப் போய்விட்டீர்களா?

திருமலைவாசி:
தண்ணீர் குடிக்கப் போனேன்.

மீன்செதில்:
தண்ணீர் குடிக்க! எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருமலைவாசி:
இதில் குறிக்க என்ன இருக்கிறது? கேட்ட கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. உட்துறைமுகம் என்றால் அலை இல்லை. உப்புவெளி என்றால் சூரியன் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவம்:
டச்சுக்குடா.

சட்டக்கோவை:
28 வந்துவிட்டது. மெக்கானிக் இரவு மெயிலில் கொழும்புக்குப் போகிறான், ஐஸ்காரன் ஸ்டேசனுக்கு

நிசப்தன்:
ஐயோ, சொல்லாதீர்கள்! வீட்டில் இன்னும் ஒருவரும் படுக்கவில்லை.

கிண்ணியாக்காரி:
சட்டக்கோவைக்குக் கொஞ்சமும் இங்கிதம் இல்லை. 28ஐப் பற்றி நாளை விடியும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது.

திருமலைவாசி:
நான் கதையைச் சொல்லவில்லை, ரயிலைச் சொல்கிறேன். மெயில் சீனன்குடாவைத் தாண்டும்போது யன்னலுக்கு வெளியே கடல் பளபளத்ததாம். அந்த நேரம் கும்மிருட்டு. நிலவு என்று ஒரு சொல் அந்த அத்தியாயத்தில் எங்காவது இருக்கிறதா, வாசித்தவர்கள் காட்டுங்கள் பார்ப்போம்.