எந்த ஏடிசிவே?

வாகைக்குளத்தான்:
"அமெரிக்காவுல 20 மணி நேரம் விமானம் ஓட்டினா லைசென்ஸ், ஏடிசியும் வேண்டாம், இங்க 40 மணி, ஆயிரம் கையெழுத்து"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. எந்த ஏடிசிவே?

பொதிகைப் பருந்து:
எழுதினது நான்தான். கோபுரத்துல இருந்து மைக்குல பேசுவாவள்லா, ஏர் டிராபிக் கன்ட்ரோல், அந்த ஏடிசி. அங்க கோபுரக் கட்டுப்பாடு இல்லாத ஜி வகுப்பு வான்ல பிளைட் பிளானே வேண்டாம். தப்பா?

வாகைக்குளத்தான்:
20 மணி, சின்ன விமானம் மட்டும் ஓட்டுற ஸ்போர்ட் பைலட் லைசென்சுக்கு. பிரைவேட் லைசென்சுக்கு அங்கயும் 40 தான். அது கெடக்கட்டும். இங்க வெளியூர் பறக்கதுக்கு மொதல்ல பிளான் போடணும், பறப்புத் தகவல் மையத்துல எப்ஐசி நம்பர் வாங்கணும், பொறவு ஏர் டிபென்ஸ் கிளியரன்ஸ் நம்பர். அதுவும் ஏடிசிதான்! கெளம்ப ரொம்ப லேட்டானா மறுபடி கேக்கணும். அமெரிக்காவுல உள்நாட்டுல சும்மா சுத்துறவனுக்கு அந்த ஏடிசி கெடையாது. நீரு ரெண்டையும் போட்டுக் கொழப்பியிருக்கீரு.

பொதிகைப் பருந்து:
தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி. நான் என்ன செய்ய?

கயத்தாறு காத்தாடி:
லைசென்சே கேக்காத அல்ட்ராலைட் குட்டி விமானத்த விட்டுட்டியளே. அங்க 103-ம் விதி: ஒத்த சீட்டு, வெறும் எடை 254 பவுண்டுக்குக் கீழ, 5 கேலன் பெட்ரோல். மெடிக்கலும் வேண்டாம். பகல்ல மட்டும், ஊருக்கு மேல போவக்கூடாது. இங்கயும் விட்டா பங்க் பெட்ரோல ஊத்திப் பறந்துரலாம்.

வாகைக்குளத்தான்:
ஊத்தும், ஊத்தும். பங்க்ல இருக்கது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. குட்டி விமானத்துல இருக்க ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் தாங்குறது 10 சதவீத எத்தனால் வரைக்கும். எத்தனால் ஈரத்த இழுக்கும். தண்ணி கூடுனா பிரிஞ்சு டேங்க் அடியில தங்கி நேரா கார்பரேட்டருக்குப் போவும். ரப்பர் ஓசும் ஊறிப்போவும். அதுக்குன்னு ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் ஏவ்கேஸே ஊத்தினா 25 மணி நேரம் ஓடுனா ஒருக்க ஆயில் மாத்தணும். சரி, பருந்து, ஏடிசிக்கு என்ன பதில்?

பொதிகைப் பருந்து:
ஆடி மாசக் குறுக்குக் காத்துல ரெண்டு சீட்டு செஸ்னா 152 விமானம் வாகைக்குளத்துல, தூத்துக்குடி ஏர்போர்ட்டுல, எறங்குமா? குறுக்குக் காத்து மணிக்கு 12 கடல் மைல் (நாட்) வரைக்குந்தான் அதுக்குக் கணக்கு. மொதல்ல அதச் சொல்லும்.

வாகைக்குளத்தான்:
ஓடுபாதை 10-28, கெழக்கு மேக்கா கெடக்கு; 28-ன்னா மேக்க பாத்த பக்கம். மேகாத்து 28-க்கு நேர் மூக்குல அடிக்கும். குறுக்கு எங்கவே வந்துச்சு? பயப்படணும்னா செங்கோட்டக் கணவாய்க்குக் கெழக்க பயப்படும். மலையத் தாண்டி விழுத காத்து அங்க உருளும், தாழப் போனா தூக்கி அடிக்கும். பேச்ச மாத்தாதீரும். எந்த ஏடிசி?

பொதிகைப் பருந்து:
திருத்த மாட்டேன். கார்பரேட்டர் ஐஸ் சண்டையிலயும் இப்படித்தான் நீட்டுனீரு.

வாகைக்குளத்தான்:
ஈரக் காத்துல பவரக் கொறச்சு எறங்கினா 30 டிகிரியிலயும் ஐஸ் பிடிக்கும்னேன். அதையும் நீரு இன்னும் ஒத்துக்கல.

கயத்தாறு காத்தாடி:
இ10 எங்கயாது கெடைக்குமா அண்ணாச்சி?