டெவன் அவென்யூ குடும்பங்கள்: மேயர் தேர்தல், பள்ளிக்கூடம், தெருப் பாதுகாப்பு

சிகாகோ, 2023 மார்ச் 25, சனிக்கிழமை

ரேவதி, காலை 9:10
எல்லோருக்கும் வணக்கம். மேயர் தேர்தலின் இறுதிச் சுற்று, ஏப்ரல் 4, நெருங்கிவிட்டது. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. தபாலில் வருகிற நோட்டீஸ்களில் ஒருவரை ஒருவர் குறை சொல்வதுதான் இருக்கிறது. எனக்கு வேண்டியது இரண்டே விஷயம்: பையனின் பள்ளி, அப்புறம் அவன் போய்வருகிற தெரு. இந்த இரண்டிலும் பால் வாலஸ் என்ன செய்வார், பிராண்டன் ஜான்சன் என்ன செய்வார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சுந்தரம், காலை 9:24
ரேவதி, வாலஸ் பற்றி நான் சொல்கிறேன். 1995இல் சட்டம் மாறி சிகாகோ பள்ளிகள் மேயர் கைக்கு வந்தபோது, அப்போதைய மேயர் டேலி பள்ளி நிர்வாகத்தின் முதல் தலைவராக வைத்தது இவரைத்தான். 2001 வரை இருந்தார். அதற்கு முன் நகரத்தின் பட்ஜெட் பார்த்தவர். என் பெரியவள் அப்போது இங்கேதான் படித்தாள். மூன்றாவது, ஆறாவது, எட்டாவதில் தேறாத பிள்ளைகளைக் கோடையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு முன், படிக்கத் தெரியாமலே மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள்.

சுந்தரம், காலை 9:27
இப்போது அவர் சொல்வது: பள்ளிக் கட்டிடங்களை மாலையிலும் சனி ஞாயிறிலும் கோடையிலும் திறந்து வைப்பது, தொழிற்கல்வியைக் கூட்டுவது, பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுப்பது. போலீஸில் காலியாக இருக்கும் இடங்களை நிரப்புவது. 2019ஐவிட இப்போது ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். ஒரே போலீஸ்காரர் ஒரே பகுதியில் தொடர்ந்து இருந்தால்தான் அவருக்கு நம் முகம் தெரியும், நமக்கு அவர் முகம் தெரியும்.

செல்வி, காலை 9:41
எனக்கும் அதுதான் அண்ணா. கடையைப் பூட்டும் நேரத்தில் ஒரு ரோந்து வண்டி அந்தப் பக்கம் வந்தாலே போதும். மனசுக்குத் தைரியம். மற்றதெல்லாம் அப்புறம்.

பானு, காலை 10:05
சுந்தரம் அண்ணா சொன்ன கோடைப் பள்ளி உண்மை. ஆனால் அதே 1995 சட்டம்தான் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு என்று வசூலித்த சொத்துவரியை வேறு செலவுக்குத் திருப்ப அனுமதித்தது. பத்து வருஷம் போல ஓய்வூதிய நிதிக்குப் பள்ளி நிர்வாகம் பணம் கட்டவில்லை. அந்தப் பள்ளத்தைத்தான் இன்றும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நம் சொத்துவரியில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது, ரேவதி. அதனால் யார் என்ன வாக்குறுதி கொடுத்தாலும் பணம் எங்கிருந்து என்று முதலில் கேட்க வேண்டும்.

ரேவதி, காலை 10:08
அக்கா, நீங்கள் பள்ளியிலேயே வேலை பார்க்கிறீர்கள். ஜான்சன் சொல்வதில் உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?

பானு, காலை 10:31
அவர் ஆசிரியராக இருந்தவர். கப்ரினி கிரீன் அரசுக் குடியிருப்புப் பக்கத்து ஜென்னர் பள்ளியிலும் வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப்பள்ளியிலும் பாடம் எடுத்திருக்கிறார். அப்புறம் ஆசிரியர் யூனியனில் வேலை செய்தார், 2018இலிருந்து சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் மன்ற உறுப்பினர் (கமிஷனர்). அவர் சொல்வதில் எனக்குப் பெரிதாகப் படுவது பள்ளிக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றுவது. இப்போது தலைக்கு இவ்வளவு என்று கணக்கு, 2013இல் வந்தது. ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியருக்கான பணம் இல்லாமல் போய்விடும். ஆனால் மீதி இருக்கும் பிள்ளைகளுக்கு நூலகர் வேண்டாமா, இசை வகுப்பு வேண்டாமா? முதலில் அதுதான் போகிறது. அதைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம் வெளியே போகிறது.

பானு, காலை 10:36
இந்த வருஷம் மொத்தம் சுமார் 3,22,000 பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நாலு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். நாட்டிலேயே மூன்றாவது பெரிய பள்ளி மாவட்டம் என்ற இடத்தையும் மயாமி பக்கம் விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

சுந்தரம், காலை 10:44
அதைத்தான் நானும் சொல்கிறேன் பானு. ஆயிரம் பேர் படிக்கக் கட்டிய உயர்நிலைப்பள்ளியில் நூறு பேர்கூட இல்லாத இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அந்தக் கட்டிடத்துக்கும் கொதிகலன் எரிய வேண்டும், கூரை பார்க்க வேண்டும். ஜான்சன் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

பானு, காலை 10:52
2013இல் மேயராக இருந்த ராம் இமானுவேல் ஒரே அடியாக ஐம்பது பள்ளிகளை மூடினார் அண்ணா. பெரும்பாலும் தெற்கும் மேற்கும், கறுப்பினப் பிள்ளைகள் படித்தவை. மூடின பிறகு அந்தப் பிள்ளைகள் வேறு கோஷ்டி இருக்கும் தெருவைத் தாண்டிப் புதுப் பள்ளிக்கு நடக்க வேண்டியதாயிற்று. மூலைக்கு மூலை மஞ்சள் பச்சைச் சட்டை போட்டு நிற்கிறார்களே, பிள்ளைகள் பத்திரமாக நடந்து போகக் காவல் நிற்கும் 'சேஃப் பேசேஜ்' ஆட்கள், மூடின பள்ளிகளுக்காக அவர்கள் எண்ணிக்கையைத்தான் கூட்டினார்கள்.

பானு, காலை 10:58
எங்கள் பள்ளி வாசலில் ஒரு அம்மா நிற்கிறார். மைனஸ் குளிரிலும் வருவார். மணி அடித்ததும் எந்தப் பையன் யாரோடு நேற்று சண்டை போட்டான் என்று அவருக்குத் தெரியும். ஒருவனைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பார், மற்றவன் பஸ் ஏறின பிறகுதான் விடுவார். கையில் ஒரு வாக்கிடாக்கி மட்டும்தான். அதனால் பள்ளி தனி, பாதுகாப்பு தனி என்று இரண்டு பேரின் திட்டத்தையும் பிரித்துப் படிக்க எனக்கு வராது. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், யார் கண்ணில் இருக்கிறார்கள்? எனக்கு அதுதான் கேள்வி.

அருண், காலை 11:20
பானு அத்தை சொல்வது சரி. பத்தாவது முடித்த கோடையில் நகரத்தின் ஒன் சம்மர் சிகாகோ வேலைக்குப் போனேன். பூங்காவில் சின்னப் பிள்ளைகளை விளையாட வைக்கும் வேலை. என்னோடு வேலை பார்த்த ஒருவன் தெற்குப் பக்கத்து இங்கிள்வுட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அவன் கையில் வந்த முதல் சம்பளம் அது. கோடை முடிந்ததும் வேலையும் முடிந்துவிட்டது. இந்த வேலைகளை இரட்டிப்பாக்கி வருஷம் முழுக்கத் தருவோம் என்கிறார் ஜான்சன். நான் முதல் முறை ஓட்டுப் போடுகிறேன், எனக்கு இது முக்கியம்.

செல்வி, காலை 11:26
அருண், வேலை கொடுப்பது நல்லதுதான். ஆனால் பணத்துக்கு அவர் சொல்வது எண்பது கோடி டாலர் புது வரி. ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி முன்பு இருந்ததே, 2014இல் எடுத்துவிட்டார்களே, அதைப் பெரிய கம்பெனிகளுக்குத் திரும்பக் கொண்டுவருவாராம். ஓட்டல் வரி, விமான எரிபொருள் வரி வேறு. சொத்துவரியை ஏற்ற மாட்டேன் என்கிறார். பெரிய கம்பெனிகள் லூப்பை (நகர மையத்தை) விட்டுப் போனால் அந்தப் பாரம் கடைசியில் யார் தலையில் வரும்? கடை வைத்திருக்கிறவர்கள் தலையில்தான்.

கார்த்திக், காலை 11:48
நான் தினமும் ரெட் லைன் ரயிலில் லூப் போகிறேன். போன மாதம் காலையில் ஒருவர் பெட்டியில் தனக்குத்தானே கத்திக்கொண்டு, ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு இருந்தார். எல்லோரும் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டோம். யாரைக் கூப்பிடுவது? போலீஸ் வந்து விலங்கு மாட்டினால் அவருக்கு ஆபத்து, யாரும் வராவிட்டால் எங்களுக்குப் பயம். கடைசியில் ஒரு ரயில் ஊழியர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசி இறக்கிக்கொண்டு போனார். இந்த மாதிரி நேரத்துக்கு இவர்கள் இருவரிடமும் என்ன திட்டம் இருக்கிறது?

பானு, மதியம் 12:10
தம்பி, 2012இல் நகரத்தின் பன்னிரண்டு மனநல மையங்களில் ஆறை மூடினார்கள். அதைத் திரும்பத் திறப்பதும், மனநலச் சிக்கல் என்று 911 அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தால் போலீஸுக்குப் பதில் மருத்துவ உதவியாளரும் மனநல ஆலோசகரும் போவதும் ஜான்சனின் திட்டத்தில் இருக்கிறது. 'ட்ரீட்மென்ட் நாட் ட்ராமா' (சிகிச்சை வேண்டும், காயம் வேண்டாம்) என்று இந்த நகரத்தில் சில வருஷமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேயர் லைட்ஃபுட் காலத்தில் 2021இல் இப்படிச் சின்னதாக ஒன்று தொடங்கினார்கள், ஆனால் சில பகுதிகளில் மட்டும், வார நாளில் பகலில் மட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு மனம் பேதலித்தால் பழைய கதைதான். டென்வரில் 2020இலிருந்து இப்படி வண்டி போகிறது, ஓரிகனின் யூஜீனில் 1989இலேயே தொடங்கிவிட்டார்கள்.

சுந்தரம், மதியம் 12:25
மையம் திறக்கட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் ரயிலில் கத்தி எடுப்பவனுக்கு ஆலோசகர் போதாது. தனியார் காவலாளிகளுக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தி நிஜப் போலீஸை ஸ்டேஷன்களில் நிறுத்துவேன் என்கிறார் வாலஸ். 2021இல் சுமார் 800 கொலை, போன வருஷம் 700க்குக் கொஞ்சம் குறைவு. போலீஸ் பட்ஜெட் சுமார் 190 கோடி டாலர். 2020இல் போலீஸிடமிருந்து பணத்தை எடுக்க வேண்டும் என்று கவுண்டியில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஜான்சன். இப்போது ஒரு காசு குறைக்க மாட்டேன் என்கிறார். எதை நம்புவது?

அருண், மதியம் 12:33
மாமா, ஜான்சன் 200 பேரைத் துப்பறியும் அதிகாரிகளாக உயர்த்துவேன் என்கிறார். புதிதாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்துத் தெருவுக்கு அனுப்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இருக்கிறவர்களில் அனுபவம் உள்ளவர்களை உயர்த்துவது சீக்கிரம் நடக்கும். சுட்டவனைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த வாரம் செத்தவனின் தம்பி துப்பாக்கி எடுக்கிறான்.

சுந்தரம், மதியம் 12:40
அது நல்ல பாயிண்ட் தம்பி. ஆனால் அந்த 200 பேர் தெருவிலிருந்துதானே வருவார்கள்? அவர்கள் இடத்தை யார் நிரப்புவது? இரண்டும் வேண்டும்.

மார்ச் 26, ஞாயிறு

சுந்தரம், காலை 8:15
ராத்திரி யோசித்தேன். இரண்டு பேரின் திட்டத்திலும் எது மேயர் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளி வாரியத்தை இதுவரை மேயர் நியமித்தார். 2021 சட்டப்படி 2024 நவம்பரில் பத்துப் பேரை நாம் தேர்ந்தெடுப்போம், பதினொரு பேரை மேயர் நியமிப்பார். 2027 ஜனவரியில் 21 பேரும் தேர்தலில் வந்தவர்கள். அந்தச் சட்டத்திலேயே 2025 ஜனவரி வரை பள்ளி மூடத் தடையும் இருக்கிறது. அதனால் பள்ளி விஷயத்தில் அடுத்த மேயருக்கு முழு அதிகாரம் கொஞ்ச காலம்தான்.

ரேவதி, காலை 8:29
அப்படியானால் பள்ளிக்காக நான் கவலைப்பட வேண்டியது இந்த ஓட்டைவிட அடுத்த வருஷ ஓட்டா மாமா?

சுந்தரம், காலை 8:34
இரண்டும்தான் அம்மா. பதினொரு பேரை நியமிக்கிறவர் யார் என்பது அந்த இரண்டு வருஷத்துக்கு எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஆசிரியர் யூனியனோடு அடுத்த ஒப்பந்தம் வரும். யூனியனில் இருந்து வந்தவரே மேயர் பக்கம் உட்கார்ந்தால் நகரத்தின் பணத்துக்காக யார் பேசுவது? எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் அது.

பானு, காலை 8:50
போலீஸ் யூனியன் வாலஸ் பின்னால் நிற்கிறது அண்ணா. அதே கேள்வியை அங்கேயும் கேட்கலாம். 2019 வேலைநிறுத்தம் பதினோரு பள்ளி நாள் நடந்தது, எனக்கும் சம்பளம் இல்லை. ஆனால் அதனால்தான் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சோஷியல் வொர்க்கர் என்று எழுத்தில் வந்தது. அதற்கு முன் பல பள்ளிகளில் நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் வருவார். ஆஸ்துமா பிள்ளைக்கு மற்ற நாளில் மூச்சு முட்டினால் அலுவலக அம்மாதான் ஓடுவார். அது மேயர் தானாகக் கொடுத்தது இல்லை, நின்று வாங்கியது.

செல்வி, காலை 9:02
போலீஸில் மேயருக்கு எவ்வளவு அதிகாரம்?

சுந்தரம், காலை 9:09
நிறைய. போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் இந்த மாதம்தான் பதவியை விட்டுப் போனார். பொதுமக்கள் குழு மூன்று பெயர் கொடுக்கும், மேயர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், நகர மன்றம் ஒப்புதல் தரும். புது மேயரின் முதல் பெரிய முடிவு இதுதான். அப்புறம் பிப்ரவரி 28 முதல் சுற்றில் மேயர் ஓட்டோடு இன்னொரு ஓட்டுச் சீட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 22 போலீஸ் வட்டாரங்களின் மன்றங்களுக்கும் மூன்று பேர் வீதம் முதல் முறையாகத் தேர்ந்தெடுத்தோம். செல்வி, கடை பூட்டும் நேரத்து ரோந்து பற்றி நேராகப் போய்க் கேட்க வேண்டிய இடம் அந்த மன்றத்தின் மாதக் கூட்டம். மேயர் யாராக வந்தாலும்.

கார்த்திக், காலை 9:30
நான் கிரீன் கார்டு, இதில் எதிலும் ஓட்டு இல்லை. வரி மட்டும் கட்டுகிறேன். என் மகள் இரண்டாம் வகுப்பு. வெறும் பார்வையாளனாகவே இருக்க வேண்டியதுதானா?

பானு, காலை 9:38
இல்லை தம்பி! இதை நம் ஆட்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலான பள்ளிகளுக்கு உள்ளூர் பள்ளி மன்றம் இருக்கிறது, 1988 சட்டத்தில் வந்தது. பெற்றோர் ஆறு பேர், பகுதிக்காரர்கள் இரண்டு பேர், ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும், பள்ளி பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கொடுப்பதும் அவர்கள்தான். இந்தத் தேர்தலில் குடியுரிமை கேட்பதில்லை. நீங்கள் ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம். அடுத்தது 2024 வசந்தத்தில். பல பள்ளிகளில் நிற்க ஆள் இல்லாமல் இடம் காலியாகவே கிடக்கிறது.

கார்த்திக், காலை 9:41
குடியுரிமை கேட்க மாட்டார்களா? நிஜமாகவா அக்கா?

பானு, காலை 9:42
நிஜமாக. நம் பிள்ளைகள் இத்தனை பேர் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள், மன்றத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான். தேதி பள்ளி வாசலில் ஒட்டியிருக்கும்.

ரேவதி, காலை 10:15
எல்லோருக்கும் நன்றி. என் பையன் ஏழாவது. இந்த வருஷ மதிப்பெண்ணும் அடுத்த இலையுதிர் காலத்துத் தேர்வும் சேர்ந்துதான் அவன் தேர்வு வைத்துச் சேர்க்கும் உயர்நிலைப்பள்ளிகளில் லேன் டெக் போவானா, நார்த்சைட் போவானா என்று முடிவாகும். வீட்டில் இதே பேச்சு, அவனுக்குத் தூக்கம் கெடுகிறது. பக்கத்தில் இருக்கும் மேத்தர், சல்லிவன், சென் பள்ளிகள் எல்லாப் பாடங்களோடும் நிறைவாக இருந்தால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாரம் எதற்கு? அதனால் பக்கத்துப் பள்ளிக்குத் தலைக்கணக்கு இல்லாமல் பணம் தருவேன் என்பவருக்குத்தான் என் ஓட்டு சாய்கிறது. செல்வி சொன்ன வரிக் கணக்கு எனக்கும் பயம்தான். அதை அவர் ஜெயித்தாலும் விடாமல் கேட்க வேண்டும்.

சுந்தரம், காலை 10:22
நான் வாலஸுக்குத்தான் போடப்போகிறேன். ஆனால் நீ யோசித்த விதம் சரி அம்மா. ஜான்சன் வந்தால் பணத்தைப் பற்றி நானும் உன்னோடு வந்து கேட்கிறேன். வாலஸ் வந்தால் நர்ஸ் ஒப்பந்தத்தைத் தொடக்கூடாது என்று பானுவோடு வந்து கேட்கிறேன்.

செல்வி, காலை 10:30
முன்கூட்டியே போடுவது 20ஆம் தேதியிலிருந்து எல்லா வார்டிலும் நடக்கிறது. அண்ணா, நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம். செவ்வாய் காலை கடை திறப்பதற்கு முன் நானும் அருணும் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். ரேவதி, பானு, நீங்களும் வருகிறீர்களா?

ரேவதி, காலை 10:33
வருகிறேன் அக்கா. எட்டு மணிக்கா?

செல்வி, காலை 10:34
எட்டு மணி. சுந்தரம் அண்ணா வீட்டு வாசலில்.

கார்த்திக், காலை 10:50
பானு அக்கா, மகள் பள்ளி வாசலில் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். மன்றக் கூட்டம் ஏப்ரலில் ஒன்று இருக்கிறது. நான் போகிறேன். பட்ஜெட் தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்கு முன் ஒரு நாள் சொல்லித் தருவீர்களா?

பானு, காலை 10:52
வீட்டுக்கு வாருங்கள் தம்பி, எங்கள் பள்ளித் தாளை வைத்தே சொல்லித் தருகிறேன். முதலில் நூலகர் இருக்கிறாரா என்று பாருங்கள்.