விவாதம்: ஸ்பெக்கை நிரலுக்குள்ளேயே எழுத வேண்டுமா?

முகிலன்:
நிரல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஸ்பெக் ஒரு கோப்பில், நிரல் வேறொரு இடத்தில். ஆறு மாதம் போனால் இரண்டுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. ஜாவாவுக்கு ஜேஎம்எல், சி-க்கு ஏசிஎஸ்எல், அடாவுக்கு ஸ்பார்க் என்று ஸ்பெக்கை நிரலோடு சேர்த்தே எழுதும் மொழிகள் எல்லாம் இதற்காகத்தான் வந்தன. ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்தபின் எது உண்மையாகும் என்று அதன் தலையிலேயே அனோட்டேஷனாக எழுதிவிடலாம். நிரல் அதை மீறுகிறதா என்று கருவி பார்த்துச் சொல்லும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பி 40 விநாடிக்குள் வெடித்ததே, 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணில் அடைக்கப் போனதால்தான். "32767-ஐத் தாண்டக் கூடாது" என்று ஒரு முன்நிபந்தனை இருந்திருந்தால் போதும்.

கலைச்செல்வி:
போதாது முகிலன். விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். அந்த நிரல் ஏரியன் 4-இலிருந்து எடுத்தது. ஏழு மாறிகளில் மூன்றைப் பாதுகாக்காமல் விட்டது மறதியால் அல்ல. கணினியின் சுமை 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று யோசித்தே விட்டார்கள். ஏரியன் 5-இன் பறப்புப் பாதை, அந்த நிரல் ஓடிய, ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியின் ஸ்பெக்கிலேயே இல்லை. ஸ்பெக்கில் இல்லாததை யார் அனோட்டேஷனாக எழுதுவார்கள்?

முகிலன்:
அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: ஏன் பாதுகாக்காமல் விட்டோம் என்ற காரணம் மூலநிரலில் எங்கும் இல்லை. என் வருத்தமே அதுதான். அந்த அனுமானம் நிரலின் பக்கத்தில் இருந்திருந்தால், ஏரியன் 5-க்கு எடுத்தவர் கண்ணில் பட்டிருக்கும்.

பரணி:
நடுவில் வருகிறேன். ஜாவாவில் பட்டியலை வரிசைப்படுத்தும் டிம்சார்ட் நிரலில், எப்போதும் காக்கப்பட வேண்டிய விதி கமென்டாகவே, அதாவது கணினி கண்டுகொள்ளாத குறிப்பாகவே இருந்தது. பல ஆண்டுகள் எத்தனையோ பேர் படித்தார்கள், யாருக்கும் தவறு தெரியவில்லை. 2015-இல் ஒரு குழு அதை ஜேஎம்எல்லில் எழுதி, 'கீ' என்ற கருவியில் நிரூபிக்கப் பார்த்தது. நிரூபணம் நகரவில்லை. வரிசைப்படுத்திய துண்டுகளில் கடைசிச் சிலவற்றில் மட்டும் நிரல் அந்த விதியைச் சரிபார்த்து, உள்ளே இருப்பவற்றை விட்டுவிட்டது. கண்ணில் பட்டால் போதாது முகிலன், கருவி படிக்க வேண்டும்.

கலைச்செல்வி:
சரி, அது நல்ல உதாரணம். ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். ஜாவாவில் முதலில் விதியைச் சரிசெய்யவில்லை, துண்டுகளின் நீளத்தைச் சேமிக்கும் அரேயின் அளவைத்தான் கூட்டினார்கள். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் அனோட்டேஷன் நிரலைவிட நீளமாகிவிட்டது. தேவை மாறியபோது நிரலைத் திருத்தினோம். அனோட்டேஷனைத் திருத்த ஆளில்லை, கடைசியில் கருவியையே நிறுத்திவிட்டோம். வரித்தொகை கணக்கிடும் நிரலுக்கு இவ்வளவு உழைப்பு கேட்பது நியாயமில்லை.

முகிலன்:
முழு நிரலுக்கும் நான் கேட்கவில்லை அக்கா. இன்னொருவர் நிரலை எடுத்துப் பயன்படுத்தும் எல்லையில் மட்டும், எண்களின் வீச்சை மட்டும் எழுதுவோம். ஏரியன் 5 விழுந்தது அந்த எல்லையில்தான்.

கலைச்செல்வி:
அந்த அளவுக்கு என்றால் சம்மதம். ஆனால் அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். அதில் விட்டுத்தர மாட்டேன்.